சுண்டுவிரல் நகத்தளவு செம்பு

என் மனைவி செல்போன் கோபுரத்தில் மாட்டும் பெட்டிகளுக்கு சர்க்யூட் வடிவமைப்பவள். ஒருமுறை கணக்கெல்லாம் சரியாக இருந்தும், சிக்னல் பாதி வழியிலேயே முட்டித் திரும்பி வந்தது. சர்க்யூட் பலகையிலுள்ள செம்புக் கோட்டருகே அவள் சுண்டுவிரலைக் கொண்டுபோனால் மட்டும் ஒழுங்காகப் போனது.

"பெட்டிக்கு ஒரு விரல் வெச்சு அனுப்பிடலாமா?" என்று மேனேஜர் கிண்டலடித்தார்.

அவள் சிரிக்கவில்லை. விரல் இருந்த இடத்தில் நகத்தளவு செம்புத் தகட்டை வைத்து, இம்மி இம்மியாக நகர்த்தினாள். சிக்னல் முழுதாகப் போனது. அங்கேயே பற்றவைத்து, பலகையின் படத்திலும் அதைக் குறித்தாள்.

பலகைக்குப் படம் வரைபவருக்கு அந்தத் துண்டு கண்ணை உறுத்தியது. ஏதோ கறை என்று அழித்துவிட்டுத் தயாரிப்புக்கு அனுப்பினார். வந்த பலகைகள் எல்லாம் மக்கர் பண்ணின.

"இப்ப என்னம்மா பண்றது?" என்றார் மேனேஜர்.

"அழிச்சதை அதே இடத்துல போடச் சொல்லுங்க சார். வேற எதையும் தொட வேணாம்."

அப்படியே போட்டார்கள்.

இப்போது எங்கள் மொட்டைமாடிக்கு எதிரே அந்தப் பெட்டி மாட்டிய ஒரு கோபுரம் நிற்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் இழுத்துப்போய்க் காட்டுகிறேன்.

"சும்மா இருங்க, மானம் போகுது" என்கிறாள்.

சும்மா இருக்க முடியாது. பெட்டிமேல் கம்பெனி பேர் இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே இருப்பது என் பெண்டாட்டியின் சுண்டுவிரல்.