குடைக்குள் நின்ற புல்வெட்டி

எங்கள் மாமா தீபாவளிக்கு ஒரு தொழில் தொடங்கினால் பொங்கலுக்குள் அதை மூடிவிடுவார். செல்போன் ரீசார்ஜ் கடை, தண்ணீர் கேன், பிராய்லர் கோழி எல்லாம் அப்படிப் போனவைதான். ஒவ்வொன்றுக்கும் விளக்கேற்றித் தொடங்கி வைத்தவள் என் அம்மா. அவளுக்குக் கூடப் பிறந்த தம்பி அவர் ஒருவர்தான். அதனால் கோழி செத்த பழியைக்கூட அம்மா தன் தலையில் போட்டுக்கொண்டாள். தனக்குக் கைராசி கிடையாது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

நான் ஆறாவது முடித்த கோடையில் மாமா பழைய புல்வெட்டி இயந்திரம் ஒன்றை வாங்கிவந்தார். பெட்ரோலில் ஓடுவது, நாலு குட்டிச் சக்கரம், தள்ள ஒரு கைப்பிடி. திருப்புட்குழி போகிற வழியில் புதிதாக வந்த கல்யாண மண்டபத்தில் புல்தரை போட்டிருந்தார்கள். சாயங்கால வரவேற்புக்கு முன்னால் ஒழுங்காக வெட்டிக் காட்டினால் வருஷம் முழுக்க அந்த வேலை மாமாவுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பூஜை போட அம்மா வரவேயில்லை. “என் கை வாணாம்பா, இதுவாவது ஓடட்டும்” என்று சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். அப்பா தறியை விட்டு எழுந்து வந்து, அதட்டித்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. வந்தவள் ஒரு குறையும் வைக்கவில்லை. சக்கரத்துக்கொரு எலுமிச்சம்பழம், கைப்பிடிக்கு மல்லிகைச் சரம், பெட்ரோல் டேங்க் மூடியின் நட்டநடுவில் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். வட்டமான மூடிக்கு நடுவில் வைக்காமல் பொட்டை வேறு எங்கே வைப்பது?

மறுநாள் மண்டபத்தில் இயந்திரம் கொஞ்ச தூரம் ஓடியது, திணறியது, நின்றது. மாமா மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார். கயிற்றை இழுத்தால் ஓடியது. பத்தடி போய் மறுபடி நின்றது. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்ததால் எஞ்சினுக்குச் சூடு தாங்கவில்லை என்று மாமா தீர்மானித்தார். அதன் பலன் என் தலையில் விடிந்தது. இயந்திரத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் கூடவே நடக்க வேண்டுமாம். அது குடைக்குள், நான் வெயிலில்! எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது.

வாட்ச்மேன் பிளக்கில் கோளாறு என்றார். சமையல்காரர் பெட்ரோலில் தண்ணீர் என்றார். மேடைக்குப் பூ கட்ட வந்தவர், “கண்ணுபா, யாரோ நல்லா வச்சிக்கிறாங்க” என்றார். சோறு கொண்டுவந்த அம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். முந்தானையில் முடிந்திருந்த காமாட்சியம்மன் கோயில் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, பழைய பொட்டின் மேலேயே இன்னொன்று அப்பினாள். அதற்குப் பிறகு இயந்திரம் ஐந்தடிகூட நகரவில்லை. மாமா கைப்பிடியை உதைத்துவிட்டு, புது பிளக் வாங்கப் போனார். அம்மா, “நான் அப்பவே சொல்லலியா, என் கை அப்படி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே குழாயடிக்குப் போய்விட்டாள்.

அப்பா வந்தது அப்போதுதான். வழக்கம்போல மாமாவைத் திட்டிக்கொண்டே மூடியைத் திருகினார். டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். என் சட்டையிலிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி, பொட்டு கலையாமல் அதன் நடுவில் மட்டும் மெல்லக் குத்தினார். காய்ந்த சந்தனம் துளியாய் உதிர்ந்தது. உள்ளே ஒரு சின்ன ஓட்டை இருந்தது.

“இதுல காத்து போனாத்தான் பெட்ரோல் எறங்கும். அடைச்சிக்கினு இருந்துக்குது” என்று என்னிடம் முணுமுணுத்தார். கயிற்றை இழுத்தார். அதன் பிறகு அது நிற்கவேயில்லை.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். பின்னாலேயே பிளக்கோடு மாமாவும் வந்தார். என்ன ஆச்சு என்று இரண்டு பேரும் கேட்க, அப்பா வானத்தைப் பார்த்தார். “வெயிலுபா. கொஞ்சம் எறங்குச்சு, ஓடுது. மத்தியானத்துல இதுங்கிட்ட வேலை வாங்காதே.” அம்மா பக்கம் திரும்பி, “நீ வச்ச பொட்டுக்கு ஓடாம எங்க போவும்? அடுத்த தபா கைப்பிடில வையி. தள்றவன் கையில ஒட்டட்டும்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோலுரிய வெயிலில் நின்றவள் நான், ஊக்கைக் கொடுத்தவளும் நான். வாயைத் திறந்தேன். அப்பா ஒரு முறை முறைத்தார், மூடிக்கொண்டேன். விருந்தாளிகள் வருவதற்குள் புல் கம்பளமாகிவிட்டது. வேலை மாமாவுக்குத்தான் கிடைத்தது. இன்றைக்கும் கோடையில் பட்டப்பகலில் அவர் புல் வெட்டுவதில்லை. கேட்டால் எஞ்சினுக்கு ஆகாது என்பார்.

வண்டியில் திரும்பும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “ஏம்பா பொய் சொன்னே?”

“ராத்திரிக்கு எனக்குச் சோறு வாணாமா?” என்றார்.

அன்று அம்மா, தம்பியின் புது வேலையைப் பற்றிப் பேசிப் பேசிப் பரிமாறினாள். கேட்காமலே இரண்டாம் முறை குழம்பு ஊற்றினாள். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒரு கரண்டிக் குழம்புக்காகப் பெண்டாட்டிக்கு இப்படிப் பயப்படுகிற மனுஷனுக்கா மகளாகப் பிறந்தோம் என்று எனக்கு ரொம்ப நாள் வெட்கமாக இருந்தது.