மிளகாய்க் கிடங்கில் தொட்டில்

சாயா டம்ளரை வாசல்படியிலேயே வைத்துவிட்டுத்தான் கற்பகம் உள்ளே நுழைவாள். கொண்டுபோனால் சாயாவும் காரமாகிவிடுமாம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வற்றல் மிளகாய் அடைத்துக் கிடந்த கிடங்கு அது. சரக்கு போய்ப் பல வருஷமாகியும் நெடி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

கற்பகம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள். இப்போது ஹோட்டல் வேலைக்கும் காய்கறிக் கடைக்கும் போகிற தாய்மாரின் பிள்ளைகளைத் தன் ஒற்றை அறையில் பார்த்துக்கொள்கிறாள். அறை போதவில்லை. கிடங்கின் உரிமையாளர் சேவியரை நச்சரித்தே சம்மதிக்க வைத்தாள். "மூட மூடயா நிறுத்த தராசு தொங்குன கொக்கி இருக்கு சேட்டா. எம்பிள்ளையளுக்குத் தொட்டில் தாங்காதாக்கும்?"

ஆனால் சேவியர் ஒரு கெடு வைத்தார். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்சுவரையெல்லாம் இடித்து ஹோட்டல் கட்டக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்.

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பொறியாளர் சுபாஷிணி வந்து உடைந்த ஓடுகளை மாற்றினாள், சுண்ணாம்புப் பூச்சைச் சரிசெய்தாள். "சுவர் தானா காயட்டும் அக்கா, பொறுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பொறுமைக்கும் கற்பகத்துக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணப் பந்தலில் வைக்கிற ராட்சத மின்விசிறியை இரவல் வாங்கி வந்து ஓடவிட்டாள். உத்தரத்து இடுக்குகளில் தூங்கிக்கொண்டிருந்த மிளகாய்த்தூள் அத்தனையும் எழுந்து தெருவுக்கு வந்தது. மீன் வாங்க வந்தவர், ஆட்டோக்காரர், சேவியர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் தும்மினார்கள். கண்ணைத் துடைத்தபடி சேவியர் கேட்டார்: "கற்பகமே, இதுக்குள்ள பிள்ளைகளை இருத்தப் பற்றுமோ, முடியுமோ?" அன்று முழுக்க அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எங்கையாலயே கெடுத்துட்டனே" என்று அழுதாள்.

அழுது முடித்ததும் தேங்காயெண்ணெய் டின்னைத் தூக்கினாள். மிளகாய் பட்ட கை எரிந்தால் எண்ணெய்தானே தேய்க்கிறோம்? தூள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், மரத்துக்கும் நல்லதுதான் என்று சுபாஷிணியும் துணியோடு ஏணியில் ஏறிவிட்டாள். ஞாயிறுதோறும் தாய்மாரும் வந்து உத்தரம், மச்சுப் பலகை, இடுக்கு என்று ஒன்று விடாமல் துடைத்தார்கள். "ஏட்டி, நல்லா அழுத்தித் தேயிங்க. உத்தரத்துக்கு இன்னைக்குத் தீவாளி!" என்கிற சத்தம் படகுத்துறைவரை கேட்கும்.

ஜூன் பிறந்தது. முதல் நாள் தாய்மாரெல்லாம் வாசலோடு நின்றுவிட்டார்கள். துடைத்த கைகளுக்கே நம்பிக்கை வரவில்லை. பெற்ற வயிறு அப்படித்தான், என்ன செய்ய! கைக்குழந்தையோடு முன்னால் நின்ற மகா மேலே அண்ணாந்து பார்த்தாள். "பிள்ள கண்ணுல தூள் விழுந்துட்டுன்னா, அக்கா?" சேவியர் ஹோட்டல்காரரின் எண்ணைத் தேடிக் கைப்பேசியைத் தடவத் தொடங்கினார்.

கற்பகம் உள்ளே போனாள். நடு உத்தரத்துக்கு நேர் கீழே, வெறுந்தரையில் மல்லாந்து படுத்தாள்.

"சேட்டா, மச்சுல ஏறி நல்லாக் குதிங்க!"

சேவியர் கனத்த உடம்புக்காரர். முனகிக்கொண்டே ஏறிப்போய்க் குதித்தார். பலகை தடதடவென்று அதிர்ந்தது. கற்பகம் கண்ணை அகலத் திறந்து, இமைக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொட்டுத் தூள்கூட விழவில்லை. மகா ஒரு எட்டு வைத்தாள். சற்று நின்று, இன்னொரு எட்டும் வைத்தாள்.

படுத்த வாக்கிலேயே கற்பகம் தன் வலது கையை மகாவின் குழந்தைக்குத் தலையணையாகப் பக்கத்தில் நீட்டினாள்.