மண்ணெண்ணெய்ப் புத்தகம்

ஒரு பொய் சொல்லி நண்பனின் வேலையைக் கெடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதில் பாதி சிரிப்பும் கூத்துமாக இருக்கும். படிக்கிற நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

போன வாரம் மறைமலைநகரிலிருந்து ஒருவர் வந்தார். கார் உதிரிபாகக் கம்பெனியில் பொறியாளர். எங்கேயோ கிடந்த பழைய டிராக்டர் ஒன்றை வாங்கியிருக்கிறார், தானே சரிசெய்து ஓட்ட ஆசை. எந்த மேனுவல் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டால் தெரியும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நகலெடுத்த ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் அதை வாங்கி முதலில் மோந்து பார்த்தேன். மனிதர் கொஞ்சம் பயந்துவிட்டார். அதில் ஒரு வாசனையும் இல்லை.

எங்கள் புத்தகங்களுக்கு வாசனை உண்டு. எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில், விவசாயிகளுக்கு டிராக்டர் வாடகைக்கு விடும் ஒரு கூட்டுறவுப் பணிமனையில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். பணிமனையில் ஆறு டிராக்டர்கள். ஆறும் எனக்கு வயதில் அண்ணன் முறை. ஒவ்வொன்றும் ஒரு நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை. அவற்றின் கையேடுகள் என் அலமாரியில் இருந்தன. கிரீஸ், மண்ணெண்ணெய், எலிப் புழுக்கை எல்லாம் கலந்த ஒரு மணம். அதில் சிவப்பு டிராக்டரின் புத்தகத்தில் கியர் பாக்ஸ் அத்தியாயம் முழுக்க நெத்திலிக் குழம்பு வாசம் வீசும். அதற்குக் காரணம் சாலமன்.

சாலமன் எங்கள் மெக்கானிக். என் வயதுதான். டிபன் கேரியரைத் திறந்த புத்தகத்தின் மேல் வைத்துச் சாப்பிடுவான், பக்கம் பறக்காமல் இருக்குமாம். அவனுக்கு எழுத்து தெரியாது. படம் பார்த்தால் போதும், எந்தப் பாகத்தையும் கழற்றி மாட்டிவிடுவான். எண்களை மட்டும் நான் படித்துச் சொல்ல வேண்டும். என் பெயரை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னா பியெஸ்ஸி, துன்னுட்டியா?" என்றுதான் பேச்சே தொடங்கும்.

புத்தகம் தேர்ந்தெடுப்பது ஒரு பெரிய வித்தை என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அதில் மூன்று ஜாதிதான். ஓட்டுபவருக்கான புத்தகம், எங்கே எண்ணெய் விடுவது என்று சொல்லும். பாகங்களின் பட்டியல், படமும் எண்ணும் மட்டும் இருக்கும். மூன்றாவதுதான் பணிமனைக்கானது, அளவுகள், இடைவெளிகள், எதை எவ்வளவு இறுக்குவது என்று எல்லாம் அதில்தான். பழைய வண்டிக்கு மூன்றாவது கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் மொழி சிக்கல். எங்களிடம் ஒரு ஜெர்மன் புத்தகம் இருந்தது. அதில் ஒரு பக்கத்தில் சிவப்புக் கட்டம் போட்டு, தடித்த எழுத்தில் ஏதோ எச்சரிக்கை. என்னவென்று தெரியாமல், அந்த வண்டியின் பக்கத்தில் யாரும் பீடிகூடப் பற்றவைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலமன் யோசனை சொன்னான். மாமல்லபுரத்தில்தான் வெள்ளைக்காரர்கள் சுற்றிக்கொண்டு திரிகிறார்களே, அதில் ஒரு ஜெர்மன்காரன் இல்லாமலா போவான். புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். அர்ச்சுனன் தபசுக்கு எதிரில் நின்று வருகிற போகிற ஒவ்வொருவரிடமும் அட்டையைக் காட்டினோம். நாங்கள் ஏதோ விற்கிறோம் என்று நினைத்து எல்லோரும் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பகல் முழுக்க நின்ற பிறகு, வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒரு செம்பட்டைத் தாடிக்காரர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"தொர, இத்த கொஞ்சம் படிச்சி சொல்லு தொர. உயிர் போற விசயம்," என்றான் சாலமன், அவருக்குத் தமிழ் புரியும் என்பதுபோல.

அவர் சிவப்புக் கட்டத்தை இரண்டு தரம் படித்தார். என்னிடம் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். நான் சாலமனுக்குச் சொன்னேன்: "வண்டியைக் கழுவும்போது சீட்டு மெத்தையைக் கழற்றி ஈரம் படாத இடத்துல வைக்கணுமாம்."

சாலமன் தலையில் அடித்துக்கொண்டான். "இதுக்கா ஆறு மாசமா பீடி புடிக்காம கீறோம்," என்றான். தாடிக்காரருக்கு விஷயத்தை விளக்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் கடலைப் பொட்டலம் சிதறியது. மூன்று பேருமாக உட்கார்ந்து மணலிலிருந்து பொறுக்கித் தின்றோம்.

இப்படிப்பட்ட ஒருவனுக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

எங்கள் வண்டிகளில் மிகப் பழையது சாம்பல் நிற டிராக்டர். அதற்குப் பணிமனைப் புத்தகமே இல்லை. பட்டணத்துக்குப் போய் மூர் மார்க்கெட்டில் தேடிப் பார்க்கச் சொல்லி சூப்பர்வைசர் என்னை அனுப்பினார். பழைய புத்தகக் கடைகளில் இரண்டு கிடைத்தன. ஒன்றுக்கு அட்டை இல்லை, பாதி கரையான் தின்றது, படங்கள் மங்கல். இன்னொன்று கெட்டி அட்டை. உள்ளே எஞ்சினை நடுவில் வெட்டி வண்ணத்தில் காட்டிய படங்கள். நான் அழகுக்கு மயங்கினேன். ரயிலில் திரும்பும்போது, வண்டலூர் தாண்டி, முதல் பக்கத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தேன். அதே டிராக்டர்தான், ஆனால் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கான புத்தகம். எங்களுடையது டீசல். என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப்போகிறது என்று புத்தகத்தை மூடினேன். மறுநாள் சூப்பர்வைசர் படங்களைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அதன் பிறகு வாய் திறக்க வரவில்லை.

எஞ்சின் சூடானால் அதன் வால்வுகள் கொஞ்சம் நீளும். நீள்வதற்கு மயிரிழை இடம் விட வேண்டும். விடாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, எரிந்துபோகும். டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அந்த இடம் வேறு வேறு, எங்கள் டீசலுக்குக் கொஞ்சம் கூடுதல். நான் புத்தகத்தில் இருந்த எண்ணைப் படித்தேன். சாலமன் இடைவெளி அளக்கும் தகட்டை நுழைத்து அதே அளவுக்கு வைத்தான். வண்டியை ஓடவிட்டுக் காதைச் சாய்த்தான்.

"சத்தமே வரல பியெஸ்ஸி. டிக்கு டிக்குனு கொஞ்சம் பேசணும். இது ஊமையா கீது. இன்னொருவாட்டி பாரு."

"நாலு தரம் பாத்துட்டேன். இதான் போட்டிருக்கு."

"நீ சொன்னா சரி," என்றான்.

சம்பா நடவுக்கு உழவு நெருக்கும் வாரம். திருக்கழுக்குன்றம் பக்கம் சேற்றில் இறங்கிய வண்டி மூன்றாம் நாள் நின்றது. இரண்டு வால்வு எரிந்திருந்தது. ஊர்க்காரர்கள் மாடு கட்டி டிராக்டரை இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். அந்த அவமானம் சூப்பர்வைசருக்குத் தாங்கவில்லை. ஷெட்டில் வைத்து என்னைக் கேட்டார்.

"நான் புக்ல இருந்ததச் சரியாத்தான் சார் படிச்சேன். சாலமன் எப்பவும்போல காதால வெச்சுட்டான்."

புத்தகம் இல்லாத வண்டிக்குச் சாலமன் சத்தத்தைக் கேட்டுக் காதால் அளவு வைப்பவன் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக நின்றது. அவன் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். என்னை ஒரு தரம் பார்த்தான். "சரி சார், அப்டியே வெச்சிக்கோங்க," என்றான்.

அந்த மாதம்தான் அவன் பெயர் நிரந்தர வேலைக்கான பட்டியலில் இருந்தது. அவன் அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகனுக்கு நிரந்தர வேலை என்று மாதா கோயிலில் முன்கூட்டியே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார். சூப்பர்வைசர் பெயரை அடித்தார். சாலமன் தன் சொந்த ஸ்பேனர்களைக் கோணியில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு மாதம் பொறுத்தேன். பொறுத்தேன் என்பதுகூடப் பெருமையாகச் சொல்வது, பயந்தேன். பிறகு ஒரு நாள் பணிமனைப் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே எழுதினேன். புத்தகம் வேறு எஞ்சினுக்கானது, தெரிந்தே படித்தேன், சாலமன் மேல் பொய் சொன்னேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, "இத மேல அனுப்பினா உன் பிரமோஷன் அவ்ளோதான். யோசிச்சிக்கோ," என்றார். அனுப்பச் சொன்னேன். மூர் மார்க்கெட்டில் அந்தக் கரையான் தின்ற புத்தகம் இன்னும் யாரும் சீந்தாமல் கிடந்தது. அதுதான் டீசலுக்கானது. எடுத்துக்கொண்டு கடப்பாக்கம் போனேன்.

சாலமன் அங்கே விசைப்படகுகளுக்கு எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தான். படகின் வயிற்றுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அட, பியெஸ்ஸி," என்றான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"வண்டி நின்னப்பவே தெரியும். புக்கு தப்புன்னு," என்றான்.

"அப்ப ஏன் சொல்லல?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீ பியெஸ்ஸி. யார நம்புவாங்க?"

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சுடச்சுட வறுத்த சங்கரா மீனுடன் சோறு போட்டான். புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. அவன் மனைவி எஸ்தர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். நான் கொடுத்த புத்தகத்தை வாங்கியதும், என்னைக் கேட்காமல் முதல் பக்கத்தைத் திறந்து விரல் வைத்துப் படித்தாள். "டீசலுதாங்க," என்று அவனிடம் சொன்னாள்.

நான்கு மாதம் கழித்து ஆணை வந்தது. சாலமன் நிரந்தர மெக்கானிக்காகத் திரும்பி வந்தான். என் பிரமோஷன் பல வருஷம் தள்ளிப்போனது, அது போகட்டும். சாம்பல் டிராக்டர் மறுபடி டிக்கு டிக்கென்று பேசியது. சாலமன் என்னைக் கிண்டல் செய்தான், என் சோற்றில் பங்கு கேட்டான், தன் மூத்த மகளுக்குப் பெயர் வைக்கும் விருந்தில் முதல் பந்தியில் என்னை உட்காரவைத்தான். ஆனால் புத்தகத்தை மட்டும் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போவான். காலையில் எஸ்தர் எழுதிய துண்டுச்சீட்டோடு வருவான். எழுத்து தெரியாதவன் எண்களைப் பழகிக்கொண்டிருந்தான். ஒருமுறை, "குடு, நான் படிக்கிறேன்," என்றேன். "வோணாம்யா, எஸ்தரு பாத்துட்டா," என்று சிரித்தான்.

அந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஆறு டிராக்டரும் ஏலத்தில் போயின, அலமாரிப் புத்தகங்கள் எடைக்குப் போயின, மூர் மார்க்கெட்டே எரிந்துபோனது. சாலமனும் போய்ச்சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று எஸ்தர் சொல்கிறாள். இருக்கலாம். கடைசிவரை ஒன்றாக வேலை பார்த்தோம். அத்தனை வருஷத்தில் நான் படித்துச் சொன்ன ஒரு அளவுக்குக்கூட அவன் நட்டைத் திருகவில்லை.