அத்தை கழிக்காத விடுமுறைகள்

என் அத்தை லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் கணினி வேலை பார்க்கிறாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் செய்யும் கழித்தலைச் சொல்லிவிட வேண்டும். புகார் வந்த தேதி ஒரு கட்டத்தில் இருக்கும், பழுது தீர்ந்த தேதி பக்கத்துக் கட்டத்தில். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் இடையில் எத்தனை நாள் போனது என்று வந்துவிடும். அவ்வளவுதான். அந்தக் கழித்தல்தான் மாமாவின் வேலைக்கு உலை வைத்தது.

மாமா அதே கம்பெனியில் மெக்கானிக். அவர் பொறுப்பில் இருந்தவை பெரும்பாலும் பள்ளிகளும் அலுவலகங்களும். விடுமுறையில் அவை பூட்டிக் கிடக்கும். திறந்தால்தான் உள்ளே போய் லிஃப்டைத் தொட முடியும். ஆனால் பூட்டிக் கிடந்த நாள்களையும் மாமாவின் தாமதமாகவே எண்ணச் சொன்னார் மேனேஜர்.

"அதையெல்லாம் கழிச்சிடலாமே சார்" என்று அத்தை கெஞ்சிப் பார்த்தாள்.

"ரெண்டு தேதிக்கு நடுவுல இருக்கறதெல்லாம் நாள்தாம்மா. சொன்னதைப் போடு."

போட்டாள். மெக்கானிக்குகளிலேயே மிக மோசமானவர் மாமா என்று வந்தது. அவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தையும் அவளையே தட்டச்சு செய்ய வைத்தார் மேனேஜர்.

அதற்குப் பிறகு மாமா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்தார். அத்தை மட்டும் வேலையை விடவில்லை. என் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"எப்படி அண்ணி தினமும் அந்தாளு மூஞ்சில முழிக்கறீங்க?"

"நல்லா முழிச்சுப் பாத்துட்டுதான் இருக்கேன். கண்ணை மூடினாத்தானே தப்பு?"

மறு வருடம் தலைமை அலுவலகம் மேனேஜர்களின் வேகத்தையும் கேட்டது. மெக்கானிக் உதிரி பாகம் கேட்ட தேதி, மேனேஜர் கையெழுத்துப் போட்ட தேதி, இரண்டுக்கும் இடைவெளி. நம் மேனேஜர் மகள் கல்யாணத்துக்காக நீண்ட லீவில் போயிருந்தார். விண்ணப்பங்கள் அத்தனையும் அவர் மேஜையில் தூங்கியிருந்தன. அத்தை எதையும் மாற்றவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த அதே கணக்கைப் போட்டாள்.

கணக்கைப் பார்த்ததும் மேனேஜர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் லீவுல இருந்த நாளெல்லாம் சேந்திருக்கேம்மா."

"நடுவுல இருந்தா நாள்தானே சார்?"

"பழசைக் கிளறாத. எல்லாருக்குமே லீவைக் கழிச்சுப் போடு. உன் வீட்டுக்காரர் கணக்கும் சரியாயிடும். நானே எழுதி அவரைத் திரும்ப எடுத்துக்கறேன். திங்கக்கிழமையே வரச் சொல்லு."

அத்தையின் கை மவுஸ் மேலேயே நின்றதாம். மாமாவின் கடிதத்தை அடித்த அன்று, ஓரம் நேராக இல்லை என்று சொல்லி அதை இரண்டாம் முறை அடிக்க வைத்தாராம் இந்த மனுஷன். அது அவள் நினைவுக்கு வந்தது.

கணக்கை மாற்றாமலே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டு, "அனுப்பிட்டேன் சார்" என்றாள்.

ஒரு வாரத்தில் அவரை மேனேஜர் நாற்காலியிலிருந்து இறக்கி எங்கோ ஒரு கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அன்று மாலை அத்தை கேக் வாங்கிக்கொண்டு வந்து, அதுவரை யாரிடமும் சொல்லாத கதையை எங்கள் எல்லோருக்கும் நடித்துக் காட்டினாள். அவர் குரலில் "பழசைக் கிளறாத" என்றபோது நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

மாமா சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமையேன்னா சொன்னான்?"

"ஆமா."

"புது மேனேஜர் எடுப்பானா?"

"தெரியாதுங்க. கேட்டுப் பாக்கறேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க சரின்னு சொல்லியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இன்னொரு துண்டு வெட்டி வைத்தாள் அத்தை. அவர் அதைத் தொடவில்லை. அவள் அதைக் கவனித்தாள். கவனித்துக்கொண்டே தன் துண்டைக் கடைசித் துணுக்கு வரை ருசித்துச் சாப்பிட்டாள்.