நல்லகாமன் கை

மேலூர்ப் பக்கம் கல் லாரி ஓட்டியவர்களிடம் நல்லகாமன் பேரை எடுத்தால் முதலில் பேசுவது அவருடைய கையைப் பற்றித்தான். குவாரியிலிருந்து கிரானைட் ஏற்றிக்கொண்டு இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். முன் டயரில் கொஞ்சம் காற்று குறைந்தால் போதும், இறங்கிப் பார்க்காமலே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். சும்மா புகழ்ச்சி இல்லை. அந்தக் கைக்காகவே ஒரு வேன் கம்பெனி வீடு தேடி வந்து அவரை வேலைக்குக் கூப்பிட்டது.

அங்கே செய்கிற புது வேனில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டே கிடையாது, வெறும் ஒயர்தான். திருப்பினால் ஒயரில் சேதி போகும், சக்கரம் திரும்பும். சரி, ரோடு எப்படி இருக்கிறது என்று ஓட்டுகிறவன் கைக்கு யார் சொல்வது? அதற்குத்தான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மோட்டார். குழி வந்தால் உதறும். ஈரத்தில் டயர் பிடி விட்டால் ஸ்டியரிங்கை லேசாக்கிக் காட்டும். எவ்வளவு உதற வேண்டும், எவ்வளவு லேசாக வேண்டும் என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வது நல்லகாமன் வேலை. பக்கத்து சீட்டில் மடியில் லேப்டாப்போடு இஞ்சினியர் ஐரின், தல்லாகுளத்துப் பெண், அவர் சொல்கிறபடி அளவைக் கூட்டுவாள், குறைப்பாள்.

"மிஷின் சொல்றதவிட உங்க கை சொல்றதத்தான் நான் நம்புவேன் அண்ணே" என்பாள்.

அந்தக் கை மரத்துப்போயிருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பங்குனியில் ஒருநாள் கொதிக்கிற டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். கடைக்காரர் கத்திய பிறகுதான் உள்ளங்கையைப் பார்த்தார், தோல் பொத்துப்போயிருந்தது. இத்தனை வருஷம் லாரி உதறிய உதறலில் நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். அட மனுஷா, அன்றைக்கே ஐரினிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! சொல்லவில்லை. கையும் போச்சு என்றால் நல்லகாமன் என்ற பேருக்கு அப்புறம் என்ன இருக்கிறது? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. கண்ணால் ரோட்டைப் பார்த்தே சமாளிக்கப் பழகிக்கொண்டார்.

புரட்டாசியில் ஈரச் சோதனை. சிமெண்டுத் தரையில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வேன் தண்ணீரைத் தொடுகிற நேரம் பார்த்து, "இப்ப லேசாகுது" என்றார். ஐரின் அளவை மாற்றினாள். மறுபடி ஓட்டினார். நாலாவது தடவை, "இதான் மேடம், இதையே வச்சிருங்க" என்றார்.

"நல்லாத் தெரியுதா அண்ணே?"

"சுத்தமாத் தெரியுது."

அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, அந்த அளவோடு ரோட்டுக்குப் போகிற முதல் வேனை ஓட்டப்போவது யார் என்று மறுநாள் தெரிந்தது. அவர் மகள் சத்யப்ரியாவின் புருஷன் செல்வக்குமார். சிம்மக்கல்லிலிருந்து கம்பெனி ஆட்களை ஏற்றி வருகிற வேலை.

"மாமா கை வச்ச வண்டி, எனக்கென்ன பயம்?" என்று செல்வக்குமார் சிரித்தான்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். "மழை நேரம், பாத்துப் போங்க மாப்ள" என்றுதான் வந்தது.

ஐப்பசி இரண்டாம் வாரம், மத்தியானம் மூன்று மணிக்கே அழகர்மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழும்போது ஐரின் போன் பண்ணினாள். அவள் குரலே சரியில்லை.

"அண்ணே, ஈரத்துல லேசாக்குற பகுதிய ஈரச் சோதனை அன்னைக்குக் காலைல அணைச்சு வச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன், இப்பத்தான் பாத்தேன். நாலு தடவையும் ஸ்டியரிங் லேசாகவே இல்ல. நீங்க தெரியுதுன்னு சொன்னீங்களே அண்ணே?"

நல்லகாமன் அவள் போனைத் துண்டித்து, செல்வக்குமாரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடாத பிள்ளை அவன். மறுபடி கூப்பிட்டார். மழை வலுத்துவிட்டது. அய்யா அழகரே, எங்கேயாவது நிறுத்தியிருக்கணுமே என்று புலம்பிக்கொண்டே எட்டுத் தடவை கூப்பிட்டார். ஒன்பதாவது தடவை யாரோ எடுத்தார்கள். கண்மாய் வளைவில் வேன் கவிழ்ந்து கிடக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது என்றார்கள்.

ஆட்களை ஏற்றப் போகிற வழி என்பதால் வண்டியில் அவன் ஒருத்தன்தான். உயிர் தப்பியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கண் விழித்துப் பேசினான். கட்டிலுக்கு ஒரு பக்கம் சத்யப்ரியா, மறுபக்கம் நல்லகாமன். மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்; அது சூடாக இருக்கிறதா சில்லென்று இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"தண்ணியில வழுக்குனப்பகூட ஸ்டியரிங் கெட்டியாத்தான் இருந்துச்சு மாமா. கையில ஒண்ணுமே தெரியல. நான் ஓட்டுனதுலதான் ஏதோ கோளாறு. உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே."

நல்லகாமன் மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் கையை விட்டுவிட்டு, தன் வலது கையை விரித்து அவன் முன்னால் நீட்டினார். டீ சுட்ட தழும்பு இன்னும் இருந்தது.

"எனக்கும் தெரியல மாப்ள" என்றார். "பங்குனியிலருந்தே இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியல."