மூளைப் பொடிக்காரனிடம் கேட்ட ஒரு அடி

சிட்டு, இன்றைக்கு உத்திரமேரூர் பஸ்ஸில் ஒருவன் மூளைப் பொடி விற்றான்.

"மூளையில வலது பக்கம் தூங்கிக்கினு கீதும்மா. இதச் சாப்ட்டு இடது கையால வேல செஞ்சா முழிச்சிக்கும். கற்பனை தன்னால கொட்டும். விஞ்ஞானம்!" என்றான்.

"நாத்து முடிக் கட்ட இடது கையிலதான் புடிச்சிக்கினு நடறோம். எங்க மூள எப்பவோ முழிச்சிக்கிச்சி, போ நைனா" என்றாள் பக்கத்தில் இருந்த முனியம்மா.

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ செத்துப்போன பிறகு நாளைக்குத்தான் முதல் நடவு. உன் அக்கா என்பதால் நானே முன்னால் நின்று பாட்டெடுக்க வேண்டுமாம். இத்தனை வருஷமும் நீ கட்டிய பாட்டடியைத் திருப்பிச் சொன்னவள்தானே நான்?

வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "நடவுப் பாட்டுக்கு ஒரு அடி கட்டிக் குடு. பொடி வாங்கிக்கிறேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "நானும் ரெண்டு வேள சாப்டறேன்கா. ஆனா இப்ப பேசனது கூட எங்க அண்ணன் எழுதிக் குடுத்த மனப்பாடம்தான்."

பொடி வாங்கவில்லை.

நாளைக்குச் சேற்றில் குனிந்ததும் அத்தனை பேரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். அந்த முதல் சொல்லை நீ எங்கிருந்துடி எடுத்தாய்?