ஐஸில் வந்த சீழ்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் லேபில், தாமதமாக வரும் சாம்பிளைக் கண்டால் அது இன்னும் நீளும். தாராவியிலிருந்து ஒரு பெண், தன் கணவரின் சிறுநீரை வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நின்று இரண்டரை மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. சூட்டில் கிருமி பெருகிவிடும், ஐஸில் வைத்துக் கொண்டுவரத் தெரியாதா என்று வரிசையில் எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவளே வந்தாள். கணவருக்குக் காய்ச்சல் விடவில்லை. நெஞ்சுக்கூட்டில் சீழ் கோத்திருந்தது. செம்பூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி இறக்கி உறிஞ்சியிருந்தார்கள். டாக்டர் சிரிஞ்சிலிருந்த காற்றை வெளியேற்றி, மூடி, அனுப்ப ஆளில்லாததால் அவள் கையிலேயே கொடுத்துவிட்டிருந்தார். சீட்டில் 'நாற்றம் அதிகம்' என்று எழுதியிருந்தது. காற்றுப் படாத இடத்தில் வாழும் கிருமியாக இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அந்த வகைக்குக் காற்றும் ஆகாது, குளிரும் ஆகாது. அறைச் சூட்டிலேயே சீக்கிரம் வந்து சேர வேண்டும்.

அவள் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை, பை நிறைய ஐஸ், நடுவில் சிரிஞ்சு. வழியில் டாக்ஸியை நிறுத்தி, கரும்புச்சாறு கடையில் கேட்டு வாங்கினாளாம். எலுமிச்சைத் தோல் ஒன்று பையில் ஒட்டியிருந்தது.

யார் ஐஸ் வைக்கச் சொன்னது என்று கேட்டேன்.

"நீங்கதான மேடம் போன வாரம் சொன்னிய."

குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. சொன்னபடி செய்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

என் முகம் சுண்டிப்போயிற்று. அது சிறுநீருக்கு மட்டும் என்று நான் சொல்லவில்லை. கோபத்தில் பாதியைச் சொன்னேன். அவள் அதையே முழுசாக எடுத்துக்கொண்டாள். இந்தச் சீழைச் சோதிக்கலாம். ஆனால் எதுவும் வளராவிட்டால், கிருமியே இல்லையா, குளிரில் செத்ததா என்று யாரால் சொல்ல முடியும்? எந்த மருந்து கொடுப்பது என்பதே அதைப் பொறுத்திருந்தது. டாக்டரிடம் போனில் பேசினேன். மறுபடி குத்தத்தான் வேண்டும் என்றார்.

மறுநாள், காற்று நீக்கி ரப்பர் மூடி போட்ட பாட்டிலோடு நானே செம்பூர் போனேன். கணவர் கட்டிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். முதுகில் நேற்றைய பிளாஸ்திரி.

"ஒரு ஊசிய ஒழுங்காக் கொண்டுபோவத் தெரியல இவளுக்கு," என்று என்னிடம் முறையிட்டார்.

அவள் மறுபக்கம் திரும்பிப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றி அவரிடம் அவள் மூச்சே விடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நானும் பேசாமல் இருந்திருக்கலாம். வெட்கம் விடவில்லை.

"ஐஸ் வைக்கச் சொன்னது நான்தாங்க. தப்பு என்னோடது."

ஊசியோடு வந்த டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கணவர் போர்வை மடிக்கும் அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"நேத்துலருந்து அவளையில்லா ஏசிட்டுக் கெடக்கேன்," என்றார்.

அன்று புதிதாக எடுத்த சீழில் நான்காம் நாள் கிருமி வளர்ந்திருந்தது. டாக்டருக்குச் சொல்லிவிட்டு அவர்கள் நம்பருக்கும் போன் செய்தேன். கணவர்தான் எடுத்தார். நான் விஷயத்தை ஆரம்பித்ததுமே, "இருங்க மேடம், அவகிட்டயே சொல்லுங்க," என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டார்.